“அப்பா சொன்னார்” என்றால் கோர்ட்டில் எடுபடுமா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி பதினோரு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பா நாற்பது ஆண்டுகள் தானிய மண்டி நடத்தியவர். 2024 பிப்ரவரி 12 அன்று, வியாபாரப் பழக்கத்தில் நண்பரான ஒருவருக்கு நாலு லட்சம் ரூபாய் ரொக்கமாகக் கடன் கொடுத்திருக்கிறார். ஒன்றரை வட்டி என்று வாய்ப்பேச்சு. புரோநோட்டு இல்லை, செக்கும் வாங்கவில்லை. 2025 ஆகஸ்டில் அப்பா இதய நோயால் காலமானார். துக்கம் விசாரிக்க வந்த நண்பர், பிறகு வாட்ஸ்அப்பில், “தீபாவளி கழியட்டும் அம்மா, பார்த்துச் செய்துவிடலாம்” என்று குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். தீபாவளி கழிந்து போய்க் கேட்டால், “எந்தப் பணம்?” என்றாராம்.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு ஆஸ்பத்திரியில், “அவனிடம் நாலு லட்சம் நிற்கிறது, விட்டுவிடாதே” என்று அப்பா சொன்னதை வாசகியும் ஒரு நர்ஸும் கேட்டிருக்கிறார்கள். “அவரிடம் நாலு லட்சம் வாங்கித்தான் இந்தக் கடையையே போட்டேன்” என்று அந்த நண்பர் தன்னிடம் சொன்னதாக ஒரு டீக்கடைக்காரர் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். டீக்கடைக்காரர் சொல்லக் கேட்ட பக்கத்துக்கடைக்காரரும் சாட்சி சொல்லத் தயார். அப்பா எழுதிய நாள்வழியும், அதாவது தினசரி வரவு செலவுக் கணக்குப் புத்தகமும் இருக்கிறது. ஆனால் டவுனில் ஒரு வக்கீல் குமாஸ்தா, “எல்லாமே ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டது அம்மா. செவிவழிச் சாட்சியம். ஒன்றும் செல்லாது” என்று கையை விரித்துவிட்டார்.

வாசகியின் கேள்விகள் நான்கு. குமாஸ்தா சொல்வது சரியா? அப்பா கடைசியாகச் சொன்னதை மரண வாக்குமூலமாகக் காட்ட முடியாதா? டீக்கடைக்காரரின் முத்திரைத்தாள் போதாதா? நாலாவது கொஞ்சம் கோபமான கேள்வி: “என் மாமா பஸ் கண்டக்டராக இருந்தார். பயணிகள் சொன்னதாகச் செக்கர் சொன்னதை வைத்தே அவரை வேலையை விட்டு எடுத்தார்கள். அங்கே செல்லுபடியாகிற பேச்சு இங்கே ஏன் செல்லாது?”

அன்புள்ள சகோதரி,

குமாஸ்தா பாதி சரி. நீங்கள் எதைப் பலம் என்று நினைத்திருக்கிறீர்களோ அது பலவீனம். எதை எட்டாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போனீர்களோ, அதில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. அங்கே பிறகு வருகிறேன்.

காதால் கேட்டதெல்லாம் செவிவழி இல்லை

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் செவிவழிச் சாட்சியம் என்பதற்கு வரையறை எதுவும் தரவில்லை. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியமும் தரவில்லை. பழைய 60ஆம் பிரிவு, இப்போது 55, வேறு வழியில் அதைச் சொல்கிறது: வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும். பார்க்கக்கூடிய விஷயம் என்றால் பார்த்தவர் வந்து சொல்ல வேண்டும். கேட்கக்கூடிய விஷயம் என்றால் கேட்டவர் வந்து சொல்ல வேண்டும்.

அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். கேட்பதும் நேரடிச் சாட்சியம்தான். அப்படியானால் தகராறு எங்கே வருகிறது? கேட்ட பேச்சை எதை நிரூபிக்கக் கொண்டுவருகிறீர்கள் என்பதில் வருகிறது. “அப்பா இப்படிச் சொன்னார்” என்பதை நிரூபிக்க நீங்கள் நேரடிச் சாட்சி. “அப்பா சொன்னது உண்மை, பணம் கைமாறியது” என்பதை நிரூபிக்க நீங்கள் வெறும் செவிவழி. ஏனென்றால் பணம் கைமாறியதைப் பார்த்தவர் உங்கள் அப்பா. அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய யாராலும் முடியாது.

இந்தப் பிரிவினைக்கு வக்கீல்கள் எல்லோரும் காட்டுகிற வழக்கு மலாயாவிலிருந்து, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளின் கடைசி அப்பீல் மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன 1956ஆம் ஆண்டு வழக்கு. சுப்ரமணியம் என்பவர் தோட்டாக்களோடு பிடிபட்டார். அவசரகாலச் சட்டத்தின் கீழ் மரண தண்டனை. பயங்கரவாதிகள் தன்னைப் பிடித்து மிரட்டியதால்தான் வைத்திருந்தேன் என்றார். அவர்கள் என்ன சொல்லி மிரட்டினார்கள் என்பதைச் சொல்ல விசாரணை நீதிபதி விடவில்லை, செவிவழி என்றார். பிரிவி கவுன்சில் அதைத் தவறு என்றது. மிரட்டல் மெய்யா பொய்யா என்பது அங்கே கேள்வி இல்லை. அப்படி ஒரு மிரட்டல் அவர் காதில் விழுந்ததா என்பதே கேள்வி. தண்டனை ரத்தானது. சொன்னதாகச் சொல்வதற்கும் சொன்னது உண்மை என்று சொல்வதற்கும் நடுவில் ஓர் ஆளின் உயிரே தொங்கியிருக்கிறது.

சட்டம் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்று கேட்பீர்கள். காக்கை நிறத்தில் கறுப்பாக வாந்தி எடுத்தவன், நாலு வாய் மாறியதும் காக்கையையே வாந்தி எடுத்தவன் ஆன கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கல்யாண் குமார் கோகோய் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்ன காரணங்களும் ஏறக்குறைய அதே கதைதான். சொல்பவருக்குப் பொறுப்பு இல்லை. ஒவ்வொரு வாய் மாறும்போதும் உண்மை நீர்த்துப்போகிறது. “யாரோ சொன்னார்கள்” என்று சொல்லி ஏமாற்ற இடம் கிடைக்கிறது. இங்கிலாந்தில் சிவில் வழக்குகளில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இந்தத் தடையையே எடுத்துவிட்டார்கள். நாம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நம் கிராமத்துச் சொத்து வழக்குகள் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அப்பா சொன்னது

இதைச் சொல்ல எனக்குத் தயக்கம். கடிதத்தில் மூன்று பக்கம் இதற்கே கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் அது மரண வாக்குமூலம் ஆகாது.

சாகும் நேரத்தில் மனிதன் பொய் சொல்ல மாட்டான் என்பதால் அப்போது சொல்வது எதுவானாலும் செல்லும் என்று பலரும் நினைக்கிறார்கள். சினிமாவும் அப்படித்தான் காட்டுகிறது. நம் சட்டம் 26ஆம் பிரிவின் (அ) உட்பிரிவில் (முன்பு 32(1)) ஏற்பது, இறந்தவர் தன் மரணத்தின் காரணம் பற்றியோ, அந்த மரணத்தில் போய் முடிந்த நிகழ்ச்சியின் சூழ்நிலை பற்றியோ சொன்னதை மட்டும்தான். அதற்குள் தாராளம் உண்டு. சாகப்போகிறோம் என்ற நினைப்போடு சொல்லியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இங்கே கிடையாது. 1939இல் பாகல நாராயண சுவாமி வழக்கில், கொலையுண்டவர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது மனைவியிடம், பணம் வாங்கிவர பெர்ஹாம்பூர் போகிறேன் என்று சொன்னதையே பிரிவி கவுன்சில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அவர் கொல்லப்பட்டது அந்தப் பயணத்தின் முடிவில். உங்கள் அப்பா இதயம் நின்று இறந்தார். நாலு லட்சத்துக்கும் அவர் மரணத்துக்கும் சட்டத்தின் கண்ணில் சம்பந்தம் இல்லை. மனதுக்கு இருக்கலாம்.

ஆகவே நர்ஸைத் தேடி அலைய வேண்டாம். அவர் வந்தாலும் சொல்லப்போவது அதே செவிவழிதான்.

டீக்கடைக்காரர் சொல்வது வேறு கணக்கு

இங்கேதான் குமாஸ்தா சறுக்கினார். டீக்கடைக்காரர் கேட்டது யார் வாயிலிருந்து? எதிராளியின் வாயிலிருந்து. ஒருவர் தனக்கே பாதகமாக ஒப்புக்கொண்டு பேசியதைச் சட்டம் ‘ஏற்புரை’ என்கிறது. அதை அவருக்கு எதிராக நிரூபிக்கலாம். குறுக்கு விசாரணைக்கு ஆள் இல்லை என்ற குறையும் இங்கே எழாது. பேசியவரே வழக்கில் கட்சிக்காரர், வேண்டுமானால் கூண்டில் ஏறி “நான் அப்படிச் சொல்லவில்லை” என்று மறுக்கலாம். பக்கத்துக்கடைக்காரர் மட்டும் வேண்டாம். அவர் டீக்கடைக்காரரிடம் கேட்டவர். ஒரு வாய் கூடிவிட்டது.

முத்திரைத்தாளை நம்பி உட்காராதீர்கள். இருபது ரூபாய்த் தாளில் எழுதியதால் ஒரு பேச்சு சாட்சியம் ஆகிவிடாது. டீக்கடைக்காரர் கோர்ட்டில் முதல் விசாரணைப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து, பிறகு நேரில் வந்து எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பதில் சொன்னால்தான் அவர் சாட்சி. என்றைக்குச் சொன்னார், அப்போது யார் இருந்தார்கள், உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது மனத்தாங்கல் உண்டா என்று கேட்பார்கள். தினமும் அந்த நண்பரும் அங்கே டீ குடிக்க வருகிறவராயிற்றே என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூண்டுவரை வருவாரா என்பதை இப்போதே மனம்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குரல் பதிவும் ஏற்புரைதான், கொஞ்சம் மழுப்பலான ஏற்புரை. “பார்த்துச் செய்துவிடலாம்” என்பதில் தொகை இல்லை, கடன் என்ற சொல்லும் இல்லை. தனியாக நிற்காது, மற்றவற்றோடு சேர்ந்தால் நன்றாக நிற்கும். அந்தப் போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். அசல் போனையே உரிமையாளர் சாட்சிக்கூண்டில் காட்டினால் தனிச் சான்றிதழ் தேவையில்லை என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பென்டிரைவில் நகல் கொடுப்பதென்றால் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கட்டாயம்.

எட்டாம் பக்கம்

“2025 பொங்கலுக்கு அவர் கரும்புக்கட்டோடு வந்தார். அப்பா திண்ணையில் வைத்தே, ‘ஆறு மாதமாக வட்டி வரவில்லையே’ என்றார். அவர், ‘சித்திரை பிறக்கட்டும் அண்ணே’ என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கோலப்பொடி டப்பாவோடு பக்கத்தில்தான் நின்றேன்.” இதை எழுதிவிட்டு, “ஆனால் இதுவும் கேட்ட பேச்சுதானே” என்று நீங்களே அடித்துவிட்டீர்கள்.

அடிக்க வேண்டாம். நீங்கள் இரண்டு பேரின் பேச்சையும் ஒரே இடத்தில் நின்று கேட்டவர். அப்பா கேட்டது, அதற்கு எதிராளி நடந்துகொண்ட விதத்தை விளக்குகிறது. எதிராளி சொன்னது அவருடைய ஏற்புரை. எந்த வட்டி என்று அவர் கேட்கவில்லை, பாருங்கள். சட்டப் புத்தகத்திலேயே, பழைய 8ஆம் பிரிவில், உங்கள் கதைக்கு அண்ணன் முறையில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஒருவர் இன்னொருவரிடம் கடன் கேட்கிறார். மூன்றாம் ஆள் அவர் காதுபடவே, “இவனை நம்பாதே, இன்னாருக்குப் பத்தாயிரம் பாக்கி வைத்திருக்கிறான்” என்கிறார். கடன் கேட்டவர் பதில் பேசாமல் போய்விடுகிறார். அந்தப் பேச்சும் அந்த மௌனமும் கடன் உண்டா என்ற கேள்விக்குப் பொருத்தமான சங்கதிகள் என்கிறது சட்டம். உங்கள் திண்ணையில் மௌனம்கூட இல்லை, தவணையே கேட்டிருக்கிறார்.

அதே பக்கத்தில் இன்னொன்று. பிப்ரவரி 12 அன்று அப்பா பாங்கிலிருந்து வந்து ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகளை மேசைமேல் எண்ணினார், மஞ்சள் பையில் போட்டார், நண்பர் வந்தார், நீங்கள் காபி கொடுத்தீர்கள், திரும்ப டம்ளர் எடுக்க வந்தபோது ஆளும் இல்லை, பையும் இல்லை. “கொடுத்ததை நான் பார்க்கவில்லை” என்று வருத்தப்படுகிறீர்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். மகள் என்பதால் உங்கள் சாட்சியம் தள்ளுபடி ஆகாது. கொஞ்சம் கூடுதலாக உரசிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். கூண்டில் “அப்பா கொடுத்தார்” என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால்தான் ஆபத்து. “நீங்கள் பார்த்தீர்களா?” என்பது எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும்.

நாள்வழியும் ஆறாயிரமும்

தொழில் நடைமுறையில் வைத்திருந்த கணக்குப் புத்தகத்தில் இறந்தவர் எழுதியதைச் சட்டம் ஏற்கிறது. இது செவிவழித் தடைக்கு உள்ள விலக்குகளில் ஒன்று. அதே நேரம், ஒழுங்காக எழுதிவந்த கணக்குப் புத்தகமே ஆனாலும் அதிலுள்ள பதிவை மட்டும் வைத்து ஒருவர்மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது என்று 28ஆம் பிரிவு (முன்பு 34) கைகட்டி வைக்கிறது. ஜெயின் ஹவாலா டைரி வழக்கு 1998இல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது இந்த இடத்தில்தான். டைரியில் பெயரும் தொகையும் இருந்தன. அதைத் தாங்கிப்பிடிக்கத் தனிச் சாட்சியம் இல்லை. தைத்த புத்தகம் வேறு, உதிரித்தாள் வேறு என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. உங்கள் அப்பாவுடையது நூல் தைத்த நாள்வழி. நல்லது.

தாங்கிப்பிடிக்க என்ன இருக்கிறது? “நாலு மாதம் மட்டும் ஆறாயிரம் ஆறாயிரமாக அப்பா கணக்கில் போட்டார், பிறகு நிறுத்திவிட்டார்” என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். நாலு லட்சத்துக்கு ஒன்றரை வட்டி மாதம் ஆறாயிரம். 2024 மார்ச், ஏப்ரல், மே, ஜூன் என்று அந்தத் தொகை நண்பரின் கணக்கிலிருந்து வந்ததைப் பாங்கின் சான்றிட்ட பட்டியல் சொல்லிவிடும். பிப்ரவரி 12 அன்று அப்பா எடுத்த பணத்தையும் அதே பட்டியல் சொல்லும். இதில் யாருடைய வாயும் இல்லை, காதும் இல்லை. நாள்வழியில் அந்த ஆறாயிரங்களை வரவு வைத்த பதிவுகள் அப்பாவின் பண நலனுக்கு எதிரானவை (வந்தது என்று எழுதினால் வரவேண்டியது குறையும்) என்பதால், இறந்தவர் தன் நலனுக்கு எதிராகச் சொன்னதை ஏற்கும் இன்னொரு விலக்கின் கீழும் வாதிட இடம் உண்டு.

அது ஏலச்சீட்டுப் பணம் என்று எதிராளி சொல்லக்கூடும். சொல்லட்டும், கூண்டில் ஏறிச் சொல்லட்டும். தன் தரப்பைப் பற்றிக் கூண்டேறிச் சொல்லாமல் ஒதுங்கும் கட்சிக்காரரின் வழக்கு பொய் என்று அனுமானிக்கலாம் என்று வித்யாதர் வழக்கில் (1999) தீர்ப்பு இருக்கிறது. சிவில் வழக்கில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிரூபிக்க வேண்டியதும் இல்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே கணக்கு.

மாமாவின் கேள்வி

உங்கள் மாமாவுக்கு நடந்தது கசப்பானதுதான். ஆனால் துறை விசாரணை கோர்ட் இல்லை. ஹரியானாவில் பஸ் கண்டக்டர் ஒருவரின் வழக்கு, ரத்தன் சிங் வழக்கு, 1977இல் உச்ச நீதிமன்றம் வந்தது. பயணிகள் ஒருவரைக்கூட விசாரிக்கவில்லை. பறக்கும் படை அதிகாரி சொன்னதே ஆதாரம். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், துறை விசாரணைக்குச் செவிவழிச் சாட்சியத்தின்மேல் ஒவ்வாமை எதுவும் இல்லை, விஷயத்தோடு தொடர்பும் நம்பகமும் இருந்தால் போதும் என்று எழுதினார். வேலையிலிருந்து நீக்கியது நின்றது. பயணிகளைக் கூட்டிவர முடியாத அலுவலகத்தின் சிரமம் புரிகிறது. இருந்தாலும் ஒருவரின் பிழைப்பு போகிற இடத்தில் இந்தத் தாராளம் எனக்கு இன்றுவரை முழுதாக ஒப்பவில்லை.

இனி என்ன செய்யலாம்

முதலில் காலக்கெடு. கடன் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. 2027 பிப்ரவரி 12க்குள் வழக்குத் தாக்கல் ஆகியிருக்க வேண்டும். குரல் பதிவு இந்தக் கெடுவை நீட்டாது. அதற்கு எழுத்தில், கையெழுத்தோடு ஒப்புதல் வேண்டும். இடையில் வந்த ஆறாயிரங்கள் கெடுவை நீட்டுமா என்பது வாதத்துக்கு உரியது, அதை நம்பி நாள் கடத்தாதீர்கள்.

இறந்தவருக்கு வரவேண்டிய கடனுக்கு டிக்ரி வாங்க, இந்திய வாரிசுரிமைச் சட்டம் 214ஆம் பிரிவின்படி வாரிசுரிமைச் சான்றிதழ் கோர்ட்டிலிருந்து வேண்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் அது இல்லை. அம்மாவையும் அண்ணனையும் சேர்த்தே போங்கள். பெண் என்ற முறையில் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுக்கு உரிமை உண்டு. கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள்.

அதற்கு முன் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ஆறாயிரம் எதற்கு வந்தது என்று அதில் நேராகக் கேட்கச் சொல்லுங்கள். வரும் பதிலும் ஓர் ஆவணம்தான். பெரியவர்களை வைத்துச் சமரசம் பேசினால் பேசுங்கள். ஆனால் அங்கே பேசியதைக் கோர்ட்டில் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு பேசினால், அங்கே அவர் ஒப்புக்கொண்டதை இங்கே காட்ட முடியாது. போலீஸ் புகார் யோசனையை விட்டுவிடுங்கள். திருப்பித் தராத கடன் எல்லாம் மோசடி ஆகாது. சிவில் விவகாரம் என்று எழுதி முடித்துவைத்தால் அந்தத் தாளையே எதிராளி உங்களுக்கு எதிராக நீட்டுவார்.

கடைசியாக ஒன்று. நாள்வழியின் அந்தப் பக்கத்து அடியில் அண்ணன் பென்சிலால் வட்டியைக் கூட்டிப்போட்டிருக்கிறார், அழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரப்பரைத் தொடாதீர்கள். பக்கத்தைக் கிழித்துத் தனியாக வைப்பதும் வேண்டாம். பென்சில் கணக்கு யாருடையது என்று கேட்டால், அண்ணனுடையது, அப்பா போன பிறகு போட்டது என்று உள்ளதைச் சொல்லிக்கொள்ளலாம். அழித்த தடத்துக்குப் பதில் சொல்வதுதான் சிரமம்.